மூன்றாம் மாடியில் யாரும் சாவதில்லை

மூன்றாம் மாடித் தீவிர சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ், அந்த வேலை தனக்குத் தெரியும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தெரிந்துகொண்டாள். அதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. நோயாளிகளுக்கும் வந்ததில்லை. வந்திருந்தாலும் வாயில் குழாய் இருந்ததால் சொல்லியிருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பாம்புச்செவி அக்கா என்பார்கள். வார்டில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மானிட்டர். எல்லாம் ஒரே நேரத்தில் கூவும். அதில் எது ஒயர் கழன்றதால் கூவுகிறது, எது உயிர் கழல்வதால் கூவுகிறது என்று, முதுகைக் காட்டி நின்று மருந்து கலந்துகொண்டே சொல்லிவிடுவாள். டாக்டர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மானிட்டரைப் பார்ப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லா நர்சுகளையும் கூட்ட அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வார்டுக்கு ஒருவர் மட்டும் இருந்தால் போதும், நோயாளி பாதுகாப்பைப் பற்றிய கூட்டம் என்பதால் யாரும் தவறவிடக் கூடாது என்று சுற்றறிக்கை சொன்னது. பேசியவர் புதிதாக வந்திருந்த தர அதிகாரி. அதற்கு முன் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் இதே பதவியில் இருந்தார். அவர் காலத்தில் அங்கே ஒரு சோப்புகூடச் செத்ததில்லை.

"சிறப்புச் சான்றிதழ் வாங்கின நர்ஸ் இருக்கற வார்டுல நோயாளி கட்டில்ல இருந்து விழறது குறைவு. கிருமி தொத்தறது குறைவு. சாவு குறைவு" என்றார். திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது. "இது நான் சொல்லல. கோடு சொல்லுது."

அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், சான்றிதழ் நர்ஸ் நிறைய வெச்சிருக்கற ஆஸ்பத்திரில, பொதுவாவே நர்ஸுங்க நிறைய பேர் இருப்பாங்களோ? ஒருத்தருக்கு ரெண்டு நோயாளின்னு? அதனாலகூடக் குறையலாமில்ல?"

"நல்ல கேள்வி சிஸ்டர்" என்றார் தர அதிகாரி. "ஆனா அது இந்த ஸ்லைடுல இல்ல."

அக்கா இதையெல்லாம் கேலி செய்கிறவள் இல்லை. அன்று மாலையே தடிமனான ஒரு புத்தகத்தோடு வீட்டுக்குப் போனாள். பத்தாவது படிக்கும் மகள் கணக்குப் போட, எதிரில் உட்கார்ந்து இவளும் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். வருடக்கணக்காகத் தன் கை செய்துகொண்டிருந்த பல காரியங்களுக்கு ஒரு பெயரும் காரணமும் இருந்தது தெரிந்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் தப்பாகச் செய்துவந்த இரண்டு விஷயங்களும் அதில் இருந்தன. மறுநாளிலிருந்து மாற்றிக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "இந்த வயசுல பரீட்சையா? பாஸாகிட்டா எங்களை மதிப்பியா?" என்றார். "இப்ப மட்டும் மதிக்கறேனாக்கும்" என்றாள்.

பரீட்சை எழுத விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு, இரண்டாயிரம் மணி நேரம் தீவிர சிகிச்சை வார்டில் வேலை பார்த்ததாக அப்போதைய நர்சிங் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அக்கா பார்த்தது அதைப்போல் இருபது மடங்கு. ஆனால் கண்காணிப்பாளர் அம்மா நான்கு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அதே வார்டில், ஒன்பதாம் கட்டிலில், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் காலமானார். அக்கா இதை விவரமாக எழுதி அனுப்பினாள். சான்றிதழ் ஆணையத்திடமிருந்து பதில் வந்தது: சான்றளிப்பவர் காலமாகியிருப்பின், அதனை அவரே கையொப்பமிட்டு உறுதி செய்து அனுப்பவும்.

அக்கா ஆணையத்துக்கு ஃபோன் செய்தாள். ஒரு குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது.

"மேடம், நீங்க வேலை பார்த்தீங்கங்கறதுக்கு நீங்களே சாட்சியா இருக்க முடியாது."

"நான் பார்த்த நோயாளிங்க சொல்லுவாங்களே."

"உயிரோட இருக்கறவங்களா மேடம்?"

"ஆமா. நிறைய பேர் இருக்காங்க."

"அப்ப அவங்க உங்களுக்கு வேண்டியவங்க ஆகிடறாங்க. ஏத்துக்க முடியாது."

"அப்ப செத்தவங்களைத்தான் கேக்கணுமா?"

குரல் கொஞ்ச நேரம் எதையோ புரட்டிப் பார்த்தது. "அதுக்குத் தடை எதுவும் விதியில இல்ல மேடம்."

மூன்றாம் மாடியிலிருந்து ஐந்து பேர் பரீட்சை எழுதித் தேறினார்கள். அதில் ஒரு பெண் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு நூறு என்றே பெயராகிவிட்டது. வேலைக்கு வந்து மூன்றே வருடம் ஆனவள். ஆனால் கெட்டிக்காரி. மனப்பாடம் செய்யாமல் புரிந்து படித்தவள். அக்காவைக் கட்டிக்கொண்டு, "நீங்க எழுதியிருந்தா என் பேரு தொண்ணூத்தொம்பதுதான் அக்கா" என்று சொல்லிக் கண் கலங்கினாள்.

ஐந்து பேர் தேறியதும் வார்டுக்குத் தகடு வந்தது. 'சான்றளிக்கப்பட்ட பாதுகாப்பான வார்டு' என்று பொறித்த பித்தளைத் தகடு. அதைக் கதவில் பொருத்த ஒருவன் இரண்டு மணி நேரம் துளை போட்டான். வென்டிலேட்டரில் இருந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள். தகடு மாட்டிய வார்டுக்குள் சான்றிதழ் இல்லாத நர்ஸ் இருந்தால் தகட்டின் மதிப்புக் கெடும் என்பதால், அக்கா பழைய கட்டடத்துக்கு மாற்றப்பட்டாள்.

பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் பொது வார்டு இருந்தது. முன்பு அங்கே துணி துவைத்தார்கள். தரையில் இன்னமும் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு இருந்ததால், கட்டில்களின் சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். மானிட்டர் ஒன்றுகூட இல்லை. அக்காவோடு சான்றிதழ் இல்லாத இன்னும் இரண்டு நர்சுகளும் வயிறு பெருத்த ஓர் அட்டெண்டரும் இருந்தார்கள். அக்கா மூச்சுச் சத்தத்தைக் கேட்டு வேலை பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

மேலே, தகடு மாட்டிய முதல் வாரத்திலேயே இரண்டு பேர் இறந்தார்கள். தர அதிகாரி அதிர்ந்துபோனார். தகட்டைப் போய்த் தடவிப் பார்த்தார், சரியாகத்தான் மாட்டியிருந்தது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: சான்றளிக்கப்பட்ட வார்டில் நிலை மோசமடையும் நோயாளி, அவ்வார்டுக்கான தகுதியை இழக்கிறார். தகுதி இழந்தவர் உரிய படிவம் பூர்த்தி செய்யப்பட்டு, உடனடியாகப் பொது வார்டுக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றத்துக்கு முன் இறப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

முதல் ஸ்ட்ரெச்சர் வண்டி ஒரு மத்தியான வேளையில் வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட், பிறகு நீண்ட நடை, பிறகு திறந்தவெளி. அட்டெண்டர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆக்சிஜன் சிலிண்டர் முள் பூஜ்யத்தில் இருந்தது. அக்கா போர்வையை விலக்கி, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"லிஃப்டுல ஏத்தும்போது இருந்தாரு" என்றார் அட்டெண்டர்.

அந்த வாரம் நான்கு வண்டி வந்தது. நான்கும் அப்படித்தான். நான்கு பேரும் பொது வார்டுக் கணக்கில் எழுதப்பட்டார்கள். மாதக் கூட்டத்தில் தர அதிகாரி புது ஸ்லைடு போட்டார். சுற்றறிக்கைக்குப் பிறகு, சான்றிதழ் உள்ள வார்டில் சாவு பூஜ்யம். சான்றிதழ் இல்லாத வார்டில், வந்த நான்கு பேரில் நான்கு பேர்.

"நூத்துக்கு நூறு சதவீதம்" என்றார் அவர், குரல் தழுதழுக்க. "சான்றிதழ் இல்லாத கை பட்டா என்ன ஆகும்னு இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?"

எல்லோரும் அக்காவின் கைகளைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் நூறு என்ற அந்தப் பெண் மாடிப்படி வழியாக இறங்கி வந்தாள். பழைய கட்டடத்துப் பின்வாசலில் நின்று, சட்டையில் குத்தியிருந்த சான்றிதழ் வில்லையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு எதுக்கு நூறு போட்டாங்க தெரியுமா? ரத்தத்துல கிருமி ஏறினா முதல் ஒரு மணி நேரத்துல என்னென்ன செய்யணும்னு ஒரு வரி விடாம எழுதினேன். இப்ப அந்த முதல் ஒரு மணி நேரமும் உக்காந்து இடமாற்றப் படிவம் எழுதறேன். பதினாலு பக்கம். கடைசிப் பக்கத்துல 'நோயாளியின் பாதுகாப்புக்காக'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"மருந்து குடுத்துட்டுப் படிவம் எழுதேன்."

"மருந்து குடுத்தா மோசமானது நம்ம வார்டுலன்னு பதிவாகிடும்னு சொல்றாங்க. கைய வெக்காதேங்கறாங்க."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "சரி, மோசமான பிறகு எழுதினாத்தானே நேரம் போகுது. ஆகறதுக்கு முன்னாடியே எழுது."

"ஆகப் போறாங்கன்னு எப்படி..."

"அதைத்தானே நீ படிச்ச? நிமிஷத்துக்கு மூச்சு இருபதைத் தாண்டுது, கண்ணு சொருகுது, சிறுநீர் குறையுது. புத்தகத்துல இருக்கே. மானிட்டர் கத்தற வரைக்கும் நிக்காத. உனக்குச் சந்தேகம் வந்த உடனே அனுப்பிடு. பேசிட்டே வரட்டும். கீழ நான் பார்த்துக்கறேன்."

அடுத்த வண்டியில் ஒரு தையல்காரர் வந்தார். குடலில் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். பிபி இன்னும் இறங்கவில்லை, காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. பின்னாலேயே அவர் மனைவி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். போர்வைக்குள் ஒரு கையுறைப் பெட்டியின் கிழிந்த அட்டை இருந்தது. அதன் பின்பக்கம் நூறின் கையெழுத்து: காலையிலிருந்து மனைவி பெயரை மாற்றிச் சொல்கிறார். மூச்சு 24. தையல் போட்ட இடத்தைப் பாருங்கள்.

அக்கா பார்த்தாள். சீழ் வாடையே சொல்லிவிட்டது. டாக்டரை வரவழைத்து, ரத்தம் எடுத்து, மருந்தும் டிரிப்சும் ஏற்றி முடித்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"மேல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்றார் மனைவி. "அப்புறம் எதுக்கும்மா கீழ அனுப்பினாங்க? நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா?"

"இல்லம்மா. மேல உடம்பு சரியில்லாதவங்களை வெச்சுக்க மாட்டாங்க."

ஐந்தாம் நாள் தையல்காரர் எழுந்து உட்கார்ந்தார். அக்காவின் சட்டைத் தோள்பட்டையை முறைத்துப் பார்த்து, "யாரும்மா தெச்சது? இழுத்து இழுத்து வெச்சிருக்கான். கைய எப்படித் தூக்கறீங்க?" என்றார். மனைவியைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தம்மாள் அழுதார்.

அதன்பிறகு வண்டிகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. தான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் கையுறைப் பெட்டி அட்டையில் எழுதி அனுப்பினாள் நூறு. மற்ற நான்கு பேரும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். காய்ச்சல் வரப்போகிறவர்கள் வந்தார்கள், கட்டிலிலிருந்து விழக்கூடியவர்கள் வந்தார்கள். தர அதிகாரியும் தன் பங்குக்குக் கேள்வி கேட்கிறவர்களை அனுப்பிவைத்தார், அவர்களால் வார்டின் அமைதி கெடுவதால். மூன்றாம் மாடியில் ஐந்து சான்றிதழ் நர்சுகளும், பத்துக் காலிக் கட்டில்களும், மூட்டுவலிக்கு வந்த ஒருவரும், அந்த ஒருவரைப் பார்க்க வந்து தங்கிவிட்ட அவருடைய மச்சானும் இருந்தார்கள். விரிப்புகளில் ஒரு சுருக்கம் கிடையாது. வெளியிலிருந்து பார்வையாளர்கள் வந்தால் தர அதிகாரி கதவை மெதுவாகத் திறந்து காட்டுவார். "எவ்வளவு பாதுகாப்பா இருக்கு பாருங்க" என்பார், ரகசியக் குரலில்.

மூன்று மாதக் கணக்கு வந்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. பொது வார்டுக்கு வந்தவர்கள் அறுபத்தொன்று. இறந்தவர்கள் நான்கு. மீதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அல்லது போவதற்குத் தயாராக இருந்தார்கள். போதாக்குறைக்கு, உறவினர்கள் அட்மிஷன் மேசையிலேயே, "தகடு இல்லாத வார்டு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

தர அதிகாரி அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். தூங்கி நாளானவர்போல் இருந்தார்.

"சிஸ்டர், உங்க வார்டுல பிழைக்கறாங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

"பிழைக்கறது தப்பா சார்?"

"பிழைக்கறது தப்புன்னு நான் சொல்லுவேனா? சான்றிதழ் இல்லாம பிழைக்க வெக்கறதுதான் தப்பு. இதைப் பார்த்துட்டு, சும்மா பக்கத்துல இருந்து கவனிச்சாலே போதும்னு நாளைக்கு ஒருத்தன் நினைச்சிட்டா? ஆராய்ச்சி என்ன ஆகறது? என் ஸ்லைடு என்ன ஆகறது?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்களைத் தண்டிக்கணும்னு சிலர் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். பரீட்சை மட்டும் எழுதட்டும், உங்களுக்கே சான்றிதழ் குடுத்திடலாம்னு சொல்லியிருக்கேன். உங்க மூணு பேருக்கும். அடுத்த மாசம் விருதுக் குழு வருது. அதுக்குள்ள இந்த ஆஸ்பத்திரியில சான்றிதழ் இல்லாத வார்டே இருக்கக் கூடாது."

"கண்காணிப்பாளர் அம்மா கையெழுத்து?"

"அதை விட்டுட்டாங்க. அவங்க இறந்துட்டாங்களாமே, பாவம்."

அக்காவுக்கு முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கதவு வரை போய்விட்டாள். திரும்பி வந்தாள்.

"சார், எங்க வார்டுலயும் தகடு மாட்டிட்டா, அங்க மோசமாகறவங்க எங்க போவாங்க?"

"மோசமாக மாட்டாங்க சிஸ்டர்" என்றார் தர அதிகாரி, குழந்தைக்குச் சொல்வதுபோல். "அதான் தகடு இருக்குமே."

பரீட்சை நாளன்று அக்கா ஒரு முடிவோடு போனாள். தேறக் கூடாது. அவள் ஒருத்தி தேறாவிட்டால் வார்டுக்குத் தகடு கிடைக்காது. தகடு கிடைக்காவிட்டால் வண்டிகள் வந்து நிற்க ஓர் இடம் இருக்கும். நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. எல்லாம் தெரிந்த கேள்விகள். ஒவ்வொரு விடையாகப் படித்து, சரியானது எது என்று கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு வேறொன்றில் வட்டம் போட்டாள். சாதாரணமாக எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. எழுபத்திரண்டாம் கேள்வியில் ஒரு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டும்போது புரையேறி முகம் நீலமாகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? தப்பான விடைக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தாள். கை நகரவில்லை. மீதிக் கேள்விகளையெல்லாம் தப்பாக முடித்துவிட்டு அதற்குத் திரும்பினாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் நேரமாகிறது என்றார். சரியான விடையில் வட்டம் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பத்தாம் நாள் சான்றிதழ் வந்தது. நூற்றுக்கு நூறு.

அக்கா ஆணையத்துக்கு ஃபோன் செய்தாள். அதே மரியாதையான குரல்.

"நான் ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் தப்பா எழுதினேன்."

"வாழ்த்துகள் மேடம்."

"புரியலையா? தொண்ணூத்தொம்பது தப்பு. பேப்பரை எடுத்துப் பாருங்க."

"மேடம், சான்றிதழ் அச்சாகிடுச்சு. மார்க் தப்பா இருக்க வாய்ப்பில்ல. நீங்க எழுதின பதில்ல ஏதாவது குழப்பம் இருக்கலாம்."

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஃபெயிலானா அழறவங்களைப் பார்த்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். மகள் சான்றிதழை வாங்கி, யாரும் சொல்லாமலே, அலமாரியில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் வைத்தாள்.

தகடு வியாழக்கிழமை மாட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பொது வார்டுக்கு ஒரு கட்டுப் படிவம் வந்து சேர்ந்தது. பதினொரு பேருக்கு, மோசமாக இருக்கிற பதினொரு பேருக்கு, பெயர் போட்டு எழுதிவைத்திருந்தார்கள்: சான்றளிக்கப்பட்ட வார்டுக்கான தகுதி நிறைவடைந்தது. வேறு வார்டு இன்மையால் வீடு திரும்புகிறார். தையல்காரரின் பெயரும் இருந்தது. குணமாகி வீட்டுக்குப் போயிருந்தவர், குளிர்க்காய்ச்சல் கண்டு முதல்நாள்தான் மறுபடி வந்து சேர்ந்திருந்தார்.

"வீட்டுக்கா? இந்த ஊசிக்குழாயோடவா?" என்று அவர் மனைவி கேட்டார். அக்காவைப் பார்க்கவில்லை, அட்டெண்டரைத்தான் பார்த்துக் கேட்டார். அக்காவின் சட்டையில் காலையில் யாரோ வில்லை குத்திவிட்டிருந்தார்கள்.

அக்கா அந்த வில்லையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். இரண்டு வரியில் விடுப்புக் கடிதம் எழுதி அதன்மேல் வைத்தாள். பிறகு தையல்காரரின் கட்டில் சக்கரத்துக்கு அடியில் இருந்த செங்கலைக் காலால் தள்ளிவிட்டு, கட்டிலோடு வாசலை நோக்கித் தள்ள ஆரம்பித்தாள். அட்டெண்டர் டிரிப்ஸ் கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

பழைய கட்டடத்துக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகை ஒன்று இருந்தது. நான்கு இரும்புத் தூண், தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை. எந்த வரைபடத்திலும் அது வார்டு கிடையாது. மத்தியானத்துக்குள் பதினொரு கட்டில்களும் அங்கே வந்துவிட்டன. வெயில் படுகிற பக்கம் போர்வைகளைக் கட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு நூறு வந்தாள். அவள் சட்டையிலும் வில்லை இல்லை, ஊசி குத்திய இரண்டு துளைகள் மட்டும் இருந்தன.

விருது விழா அடுத்த வாரம் நடந்தது. கூட்ட அறை கொள்ளாததால் வெளியில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கொட்டகையின் கோடியில் இருந்த ஒரு பூ வியாபாரிக்கு, இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோனவருக்கு, காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மேலே ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தது. அக்கா இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டாள். தகுதி இழந்தவரைத் திரும்பச் சேர்க்கப் படிவமே கிடையாது என்று பதில் வந்தது. அக்கா அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் மகள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பெருமையோட சொல்றேன்" என்றது தர அதிகாரியின் குரல், தகரக் கூரையில் பட்டு அதிர்ந்து. "இந்த ஆஸ்பத்திரியில தகடு இல்லாத கதவே இப்ப கிடையாது. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட இறக்கல. ஒருத்தர்கூட! சாவுங்கறது ஒரு தரக்குறைபாடு. அதை நாம சரி பண்ணிட்டோம்."

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. அது ஓய்ந்தபோது அக்கா தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் பூ வியாபாரியின் தலையை மெல்லத் தலையணையில் இறக்கினாள். மகள் காலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இறந்த இடம் என்ற கட்டத்தில் 'வழியில்' என்று ஆஸ்பத்திரி எழுதிக்கொண்டது.

ஆனாலும் வழியில் ஒருவர் இறந்தது ஆணையத்தின் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வழி என்று ஓர் இடம் இருப்பதும், அங்கே சான்றிதழ் இல்லாமல் நோயாளிகள் படுத்திருப்பதும் விசாரணையில் தெரியவந்தது. மறுநாள் காலை பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு ஃபிட்டர் அளவு நாடாவோடும் நோட்டோடும் வந்தான். முப்பது வயது இருக்கும். தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்ன அளக்கறீங்க?" என்றாள் அக்கா.

"கதவு வெக்கணுமாம் அக்கா."

"கொட்டகைக்குக் கதவா? சுவரே இல்லையே."

"சுவர் பத்திச் சொல்லல. கதவு மட்டும் போதும்னாங்க. தகடு மாட்டறதுக்கு."

தையல்காரர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். பத்துக் கட்டில்களும் அவனைப் பார்த்தன. அவன் இரண்டு தூண்களுக்கு நடுவில் நாடாவை இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். நோட்டில் எதையும் எழுதாமல் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, எங்கம்மா மூணாவது மாடியில இருக்காங்க. முந்தாநாள் இடுப்பு ஆபரேஷன். காலையில பார்த்தேன், என்னை எங்க அண்ணன்னு நினைச்சுப் பேசறாங்க. கை சூடா இருக்கு. அங்க ஒரு சிஸ்டர் அட்டையில என்னமோ எழுதிட்டிருந்தாங்க." பாதையைத் திரும்பிப் பார்த்தான். "இங்கதான் கொண்டு வருவாங்களா?"

"வயசு என்ன?"

"அறுபத்தெட்டு."

"சுகர் இருக்கா?"

"இருக்கு."

"இங்கதான் வருவாங்க" என்றாள் அக்கா. "அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. பயப்படாதீங்க. சீக்கிரமாத்தான் அனுப்பறாங்க."

அவன் நோட்டைத் திறந்து, தூணில் சாய்ந்துகொண்டு எழுதினான். எழுதியதை அவளிடம் காட்டினான். தூண்கள் துருப்பிடித்திருப்பதால் துளை போட்டால் கூரை இறங்கிவிடும், கதவு வைக்க இயலாது என்று இருந்தது.

அக்கா தலைக்கு மேலே பார்த்தாள். "இறங்கிடுமா?"

"இறங்காது."

"எத்தனை நாளைக்கு நம்புவாங்க?"

"வேற ஆளை அனுப்பறவரைக்கும்."

நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் போகவில்லை. அக்காவோடு சேர்ந்து காலியான கட்டிலைத் துடைத்து, காற்று வருகிற பக்கமாகத் தள்ளிப் போட்டான். பிறகு இருவரும் கொட்டகையின் ஓரத்தில், பழைய கட்டடத்தைச் சுற்றி வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டியின் சக்கரச் சத்தம் அக்காவுக்கு முதலில் கேட்டது.